யானையும் நங்கூரமும்: இரண்டு பட்டாளச் சின்னங்களை ஒரே சட்டகத்தில் மாட்டலாமா?

கேள்வி: கெடிலக்கரையான் (கடலூர், புதுப்பாளையம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பட்டாளச் சின்னங்கள் இருக்கின்றன. ஒன்று, மெட்ராஸ் ரெஜிமென்டில் இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்று, இப்போது மறைந்துவிட்ட என் பெரியப்பாவின் தொப்பியில் இருந்த பித்தளைச் சின்னம். கேடயத்தின் மேல் ஒரு யானை, அதனோடு குறுக்காக இரண்டு வாள்கள். அவர் பிராஸோ என்ற மெருகுத் திரவம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, யானையின் கண் இருந்த இடம் வழவழப்பாகவே ஆகிவிட்டது. மற்றொன்று, புதுச்சேரியில் 'சொல்தா வீடு' (பிரெஞ்சில் சொல்தா என்றால் படைவீரர்) என்று தெருவே அறிந்த என் அம்மாவின் தந்தையுடையது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவிலும் பின்னர் அல்ஜீரியாவிலும் இருந்தவர். நீல எனாமல் பூசிய அந்தச் சின்னத்தின் நடுவே ஒரு நங்கூரமும் அதைச் சுற்றி வளைந்த ஒரு டிராகனும் இருக்கின்றன.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அம்மா இரண்டையும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிச் சந்தனப் பொட்டு வைப்பது வழக்கம். சென்ற ஆண்டு நான் ஆசைப்பட்டு மெருகு போடக் கொடுத்த இடத்தில் அமிலத்தில் முக்கி எடுத்ததால், நங்கூரச் சின்னத்தின் எனாமல் ஓரத்தில் பெயர்ந்துவிட்டது. அன்று அம்மா அழுததைப் பார்த்த பிறகுதான் இவற்றைச் சட்டகத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் பெரியப்பாவின் மகன், என் அண்ணன், அந்நிய ஆட்சிக்காக வேறொரு நாட்டு மக்களோடு போரிட்டவரின் சின்னம் தன் தந்தையின் யானைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்கிறார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. எனக்கு அவரிடம் சொல்லப் பதில்தான் இல்லை.

ஒரு பட்டாளத்துக்காரருக்குத் தம் படைப்பிரிவின் சின்னம் என்னவாக இருக்கிறது? அது அரசாங்கத்தின் முத்திரையா, அவருடைய சொந்த அடையாளமா? தாத்தாவின் சின்னம் எந்தப் பிரிவுக்கு உரியது என்று கண்டறிய வழி உண்டா? தாத்தாவின் புகைப்படம் இடவலம் மாறி அச்சிடப்பட்டதோ என்ற ஐயமும் வீட்டில் நெடுநாளாக இருக்கிறது. பெரியப்பாவின் படத்தில் தொப்பி வலப்புறம் சாய்ந்து சின்னம் இடக் கண்ணுக்கு மேல் இருக்க, தாத்தாவின் படத்தில் எல்லாம் நேர்மாறாக உள்ளது.

பதில் 1: பணிநிறைவு சுபேதார் (நெல்லிக்குப்பம்)

தம்பி, பெரியப்பாவின் யானைக்குக் கண் தேய்ந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் சின்னத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் தேய்ந்துதான் இருக்கிறது. வெலிங்டனில் பயிற்சிக் காலத்தில் அதிகாலை அணிவகுப்புக்கு நின்றால், பயிற்சி தரும் உஸ்தாதின் கண் முதலில் போகும் இடம் தொப்பிதான். வாள்களின் இடுக்கில் பிராஸோ வெள்ளையாகக் காய்ந்து நின்றால் அன்றைய நாள் ஓட்டத்திலேயே கழிந்துவிடும் என்பதால், தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடுக்கைச் சுத்தம் செய்த பிறகே படுப்போம். பதினெட்டு வயதில் அது எனக்கு வெறும் தண்டனையாகத் தெரிந்தது. கசம் பரேடில் உறுதிமொழி எடுத்து அணியில் நடந்த அன்றுதான், இத்தனை நாள் நான் தேய்த்தது என் பெயருக்கு முன்னால் நிற்கப் போகும் பெயர் என்று விளங்கியது.

எங்கள் பிளாட்டூனில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என நால்வகையினரும் இருந்தோம். வீட்டு மொழி வேறு, சாமி வேறு, சாப்பாட்டில் காரம்கூட வேறு. 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று ஒரே குரலில் முழங்கும்போதும் ஒரே யானையைத் தலையில் வைக்கும்போதும் அந்த வேற்றுமை பின்னுக்குப் போய்விடும். விடுப்பு முடிந்து திரும்பும் வழியில் ஒருமுறை, விருத்தாசலத்தில் ஏறிய முதியவர் ஒருவர், என் தொப்பியைப் பார்த்துவிட்டு ஊரும் பெயரும் கேட்காமல் 'எந்த பட்டாலியன்?' என்று மட்டும் கேட்டார். சொன்னதும் தம் பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் கையில் வைத்தார். திருச்சிவரை இருவரும் பழைய கமாண்டர்களைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சின்னத்தைக் கொடுப்பது அரசாங்கம்தான். ஆனால் குண்டு பாயும் இடத்தில் நாங்கள் அரசாங்கத்தை நினைத்து முன்னேறுவதில்லை, பக்கத்தில் அதே சின்னத்தோடு வருகிறவன் தனியாகப் போய்விடக் கூடாதே என்றுதான் முன்னேறுவோம். இறந்தவரின் பெட்டியைத் தேசியக் கொடியால் போர்த்தி, அதன் மேல் அவருடைய தொப்பியை வைப்பார்கள். கொடி நாட்டினுடையது, தொப்பி அவருடையது. உங்கள் தாத்தாவுக்கும் பக்கத்தில் யாரோ வந்திருப்பார்கள் அல்லவா? அண்ணனிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பிள்ளைகள் இந்தச் சின்னத்தை விளையாட்டாகக்கூடப் பொது இடத்தில் அணிந்து தங்களைப் பட்டாளத்துக்காரர் என்று நம்பச் செய்யக் கூடாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 140ஆவது பிரிவிலும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவிலும் அது குற்றம். நினைவுப் பொருளாக வீட்டில் வைத்திருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

பதில் 2: கடற்கரைச் சாலை (புதுச்சேரி, குருசுக்குப்பம்)

நானும் சொல்தா குடும்பத்தைச் சேர்ந்தவள், பள்ளி ஆசிரியை. முதலில் உங்கள் புகைப்பட ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். படம் இடவலம் மாறி அச்சிடப்படவில்லை. இந்தியப் படையில் ஆங்கிலேயர் வழக்கப்படி பெரே தொப்பியை வலப்புறம் சாய்த்து, சின்னத்தை இடக் கண்ணுக்கு மேல் வைப்பார்கள். பிரெஞ்சுப் படையில் பொதுவாக இதற்கு நேர்மாறாக, தொப்பி இடப்புறம் சாயும், சின்னம் வலக் கண்ணுக்கு மேல் வரும். தாத்தாவின் பதக்கங்கள் அவருடைய இடது மார்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் படம் சரியாகவே இருக்கிறது.

இரண்டு படைகளுக்கும் மற்றொரு வேறுபாடும் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டில் தொப்பிச் சின்னமே ரெஜிமென்டைச் சொல்லிவிடும். பிரெஞ்சுப் படையிலோ தொப்பிச் சின்னம் படையின் வகையை மட்டும் காட்டும். எந்த ரெஜிமென்ட் என்பதை, வலது மார்புப் பையில் தோல் பட்டையிலிருந்து தொங்கும் எனாமல் சின்னம்தான் சொல்லும். உங்களிடம் இருப்பது அந்த இரண்டாவது வகை. நங்கூரம், கடல் கடந்த நிலங்களில் பணியாற்றிய குடியேற்றப் படைகளுக்கு உரியது. கப்பற்படையிலிருந்து பிறந்து 1900இல் தரைப்படையின் கீழ் வந்த பிறகும் அவை நங்கூரத்தைக் கைவிடவில்லை. டிராகன், அந்தப் பிரிவு இந்தோசீனாவோடு தொடர்புடையது என்பதைக் காட்டும் வழக்கமான உருவம்.

சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள். 'டிராகோ, பாரிஸ்' என்பது போல் தயாரிப்பாளர் பெயரும், சில சமயம் தெரு முகவரியும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த முகவரி காலத்துக்குக் காலம் மாறியதால் ஆண்டைக்கூட ஓரளவு கணித்துவிடலாம். 'ஜி' அல்லது 'எச்' என்ற எழுத்தோடு ஓர் எண் இருந்தால், அது பிரெஞ்சுப் படையின் வரலாற்றுத் துறை அந்த வடிவத்தை ஏற்றுப் பதிவு செய்த எண். அதைக் கொண்டு படைப்பிரிவைக் கண்டறியலாம். தாத்தாவின் பணிப் பதிவுகளுக்கு பிரான்சின் போ நகரிலுள்ள படைப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். அவருடைய பணி எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் வேலை எளிது. ஓய்வூதியப் புத்தகத்தில் இரண்டும் இருக்கும்.

எனாமல் சின்னத்தைப் புளியிலோ எலுமிச்சையிலோ இனிமேல் தொடவே விடாதீர்கள். புளியின் அமிலம் எனாமலுக்கும் உலோகத்துக்கும் இடையே இறங்கினால், பெயர்ந்த ஓரம் மெல்ல மெல்ல விரியும். உலர்ந்த மென்துணியே போதும்.

அண்ணனின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். வியட்நாமியருக்கும் அல்ஜீரியருக்கும் அந்த நங்கூரம் என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று விளக்கேற்றப்பட்ட போர் நினைவுச் சின்னத்தின் முன் என் பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டது அது. பதக்கங்களை வரிசையாகக் குத்திக்கொண்டு வந்த முதியவர்கள் மார்பிலிருந்த சின்னத்தைப் பார்த்தே ஒருவரையொருவர் அடையாளம் கண்டு, தமிழில் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டார்கள். பிரான்சின் பெருமையைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. சைகோனில் உடனிருந்து திரும்பாதவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

பதில் 3: வரலாற்று ஆசிரியர் (கடலூர் முதுநகர்)

மேலே இருவரும் மனத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். நான் அண்ணனின் வாதத்தை அதன் எல்லைவரை கொண்டு செல்ல விரும்புகிறேன். ஏனெனில், அந்த வாதத்தின்படி நங்கூரத்தை இறக்கினால் யானையையும் இறக்க வேண்டி வரும்.

அந்த யானை அசாயேயின் யானை. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள அசாயேயில், ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மராட்டியரை வென்றது. அதில் போரிட்ட மதராஸ் பட்டாளங்களுக்குச் சிறப்பாக வழங்கப்பட்டதே யானை. அங்கே உடன் போரிட்ட ஆங்கிலேயப் பிரிவுகளுக்கும் அதே யானை கிடைத்தது. அதாவது, அதுவும் அந்நியர் கொடுத்தது, இந்நாட்டவரை வென்றதற்காகக் கொடுத்தது. விடுதலைக்குப் பின், இந்நாட்டு அரசுகளுக்கு எதிராக ஈட்டிய போர்ச் சிறப்புகள் கொண்டாடத் தகாதவை என்று நம் படை ஒதுக்கியது. 1950 ஜனவரி 26இல் நாடு குடியரசானதும், அதிகாரிகளின் தோளிலிருந்த அரச கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. யானை மட்டும் போகவில்லை. அதற்குள் அது வெல்லெஸ்லியினுடையதாக இல்லாமல், அதைச் சுமந்தவர்களுடையதாகிவிட்டது என்பதே என் எண்ணம்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது முதல் 1752 வரை கம்பெனியின் தென்னகத் தலைமையிடம் நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைதான். 1748 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இங்கே வந்துதான் கம்பெனியின் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். அதே 1758ஐத்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பாண்டாக எண்ணுகிறது. அந்தப் போர்களில் கடலூர்ப் பக்கம் நின்ற சிப்பாய்களிலும் புதுச்சேரிப் பக்கம் நின்ற சிப்பாய்களிலும் தமிழர் இருந்தனர்.

புறநானூற்றின் 45ஆம் பாடலில், உறையூரில் இருந்த மற்றொரு சோழனை முற்றுகையிட்ட சோழன் நலங்கிள்ளியிடம் புலவர் கோவூர் கிழார் சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது. எதிரே நிற்பவன் சேரனின் பனந்தோடும் சூடவில்லை, பாண்டியனின் வேம்பும் சூடவில்லை. உன் தலைக்கண்ணியும் சோழரின் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, ஆகவே யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்கிறார். அங்கே சின்னம் ஒன்று, பகை இரண்டு. கெடில ஆற்றங்கரையிலுள்ள நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சின்னம் இரண்டு, குடி ஒன்று.

இந்தப் பற்று எவ்வளவு ஆழமானது என்பதைப் படைத் தலைமையே அறியும். 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்டவர்களும் ரெஜிமென்ட் வேறுபாடு தெரியாதபடி ஒரே வகைத் தொப்பியும் தோள் சின்னங்களும் அணிகிறார்கள். தோளில் அணியும் ரெஜிமென்டின் லேன்யார்ட் கயிறும் அவர்களுக்குக் கிடையாது. பல பிரிவுகளுக்குப் பொதுவாக முடிவெடுக்க வேண்டியவர் தம் பிரிவின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். என் பார்வையில் அது நியாயமான முடிவு. ஆனால் முப்பது ஆண்டுகள் தலையில் சுமந்ததைக் கழற்றி வைப்பது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது.

பதில் 4: கெடிலக்கரையான்

மூவருக்கும் நன்றி. அம்மாவை உட்கார வைத்து எல்லாப் பதில்களையும் படித்துக் காட்டினேன். தாத்தாவின் படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம்; பதக்கங்கள் இடது மார்பில்தான் இருக்கின்றன. சின்னத்தின் பின்புறம், அமிலம் அரித்த இடத்துக்கு ஒரு நூல் தள்ளி, 'டிராகோ' என்ற பெயரும் 'ஜி' என்று தொடங்கும் எண்ணும் தெரிகின்றன. கடைசி இலக்கம் மட்டும் மங்கலாக இருப்பதால் பகல் வெளிச்சத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். ஓய்வூதியப் புத்தகம் மாமா வீட்டில் கிடைத்தது. போ நகருக்குக் கடிதம் எழுத ஆசிரியை அம்மையார் உதவினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அண்ணன் நேற்று வந்திருந்தார். அசாயே பற்றிய பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இரண்டுக்கும் கீழே யார், எங்கே, யாருக்கு எதிராகப் போரிட்டார்கள் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றும், அதைத் தாமே எழுதித் தருவதாகவும் சொன்னார். சின்னத்தின் பின்புறமும் தெரிய வேண்டும் என்பதால், இரு பக்கமும் கண்ணாடி வைத்த சட்டகமாகச் செய்யத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு எங்கே வைப்பது என்று அம்மா கேட்டார். கண்ணாடியின் மேல் வைக்கலாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார்.