.22 ரைஃபிள் குழலில் ஈயப் படிவு: எந்தக் கரைப்பான் சரி?

வணக்கம். கோவையில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்தபடி சுடும்) பயிற்சி செய்கிறேன். ஜெர்மன் தயாரிப்பு .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். மூன்று வாரமாக 10 வளையத்தில் நின்ற குண்டுகள் 8க்குச் சிதறுகின்றன. தோட்டா அதே லாட்தான் (ஒரே தயாரிப்புத் தொகுதி). குழலில் சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) அடுத்த ஓரிரு அங்குலத்தில் சாம்பல் நிறப் படிவு. சுத்தம் செய்யும் துணித்துண்டு அங்கே இறுகிப் பிடிக்கிறது.

அம்மோனியா கலந்த கரைப்பானை விட்டு 15 நிமிடம் பொறுத்தேன். துணி நீலமாக வந்ததும் படிவு கரைகிறது என்று நம்பிவிட்டேன். அது என் வெண்கல பிரஷ்ஷின் செம்பு அம்மோனியாவில் கரைந்த நிறம் என்று அப்புறம்தான் புரிந்தது. என் தோட்டாவில் செப்பு உறையே கிடையாது, வெறும் ஈயம். மண்ணெண்ணெய், நைலான் பிரஷ் போட்டதில் கருப்புப் புகைக்கரிதான் வந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தால் ரைஃபிளிங் (குழலின் உள்ளே உள்ள சுழல் வரிகள்) கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

குழலுக்குச் சேதமில்லாமல் ஈயத்தை எடுக்க நீங்கள் எந்தக் கரைப்பானை, எவ்வளவு நேரம் ஊறவிடுகிறீர்கள்?