பழைய ஹைலக்ஸ் கெப்: திறப்பை ஆட்டினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஓடும்போதும் நிற்கிறது

வெல்லாவெளி கெப்
எல்லோருக்கும் வணக்கம். அப்பா வைத்திருந்த 1992 ஹைலக்ஸ் டபுள் கெப்பை இப்போது நான் ஓடுகிறேன். மாடல் எல்.என்.106, ‘3எல்’ என்ற வகை டீசல் இன்ஜின். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, புகைகூட இல்லை. கரைச்சல் எல்லாம் திறப்பில்தான்.

காலையில் திறப்பைத் திருப்பினால் சிலநாள் உடனே எடுக்கும். சிலநாள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும். சிலநாள் அதுவும் இல்லை. திறப்பை மேல்பக்கமாகக் கொஞ்சம் நெம்பிப் பிடித்தால் எடுத்துவிடும். அதையாவது பொறுக்கலாம். இப்போது வாய்க்கால் கட்டுக் கிறவல் றோட்டில் குலுங்கும்போது இன்ஜின் சட்டென்று நின்றுவிடுகிறது. போன கிழமை நெல் மூட்டையோடு பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போதே நின்றது, பின்னால் பஸ். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக மனம் வருவதில்லை.

ஒரு கராஜில் சுவிட்சை விட்டுவிட்டு புஷ் பட்டன் போடச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் ஸ்டியரிங் தண்டோடு முழுதாக மாற்றச் சொன்னார்கள். பற்றரி புதிது. வெள்ளாமை வெட்டு தொடங்குவதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

செங்கலடி டீசல்
பற்றரி புதிது என்று அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். இரண்டு முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இன்ஜினுக்கும் சேஸிக்கும் போகிற ஏர்த் வயரையும் பாருங்கள். ‘டிக்’ சத்தத்துக்கு ஸ்டார்ட்டர் சொலனொயிட்டுக்குள் (கரண்ட் போனால் காந்தமாகி இழுக்கும் சுருள்) இருக்கும் செப்புத் தகடு தேய்ந்ததும் காரணமாக இருக்கலாம். இந்த இன்ஜினில் அது அடிக்கடி வரும். தகடு மட்டும் மாற்றலாம், ஸ்டார்ட்டர் முழுதாக வாங்கத் தேவையில்லை.

கல்முனை வயரிங் காக்கா
தம்பி, புஷ் பட்டன் வேண்டாம். பட்டன் ஸ்டார்ட்டரைச் சுற்றுவதற்கு மட்டும்தான், ஓடும்போது நிற்பதை அது தடுக்காது. ஸ்டியரிங் பூட்டும் அந்தத் திறப்போடு சேர்ந்தது. சிலர் பட்டன் போட்ட கையோடு பூட்டின் நாக்கையும் வெட்டிவிடுவார்கள். பிறகு யாரும் ஏறிக் கொண்டுபோகலாம். அப்பா வைத்திருந்த வண்டி என்கிறீர்கள், அப்படிச் செய்ய விடாதீர்கள்.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, கரண்ட் போனால் ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். உங்கள் டீசல் பம்பில் ஒரு சொலனொயிட் இருக்கிறது. திறப்பு ஓனில் இருக்கும்போது அதற்கு 12 வோல்ட் போகும், உள்ளே உள்ள ஊசி இழுபட்டு டீசலுக்கு வழி திறக்கும். கரண்ட் அறுந்தால் ஊசி விழுந்து வழி அடைபடும், இன்ஜின் நிற்கும்.

ஆகவே அடுத்தமுறை நிற்கும்போது திறப்பை ஆட்டாமல் முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். சார்ஜ் லைற்றும் ஒயில் லைற்றும் எரிந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது. அப்போது டீசல் பில்டர், டீசல் குழாய் காற்று இழுக்கும் இடம், சொலனொயிட்டுக்குப் போகும் வயர் என்று தேட வேண்டும். ஒரு லைற்றும் இல்லாமல் டீசல் அளவு காட்டும் முள்ளும் விழுந்து கிடந்தால் குறை சுவிட்சில் அல்லது அதற்கு வரும் வயரில்.

இன்னொரு சோதனை. கியரை நியூட்ரலில் விட்டு ஹாண்ட் பிரேக் இழுத்துவிட்டு, ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அந்த நேரம் ஸ்டார்ட்டருக்கு வரும் மெல்லிய வயரில் மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். பற்றரியையும் அதேபோல் பாருங்கள். பற்றரியில் 11 வோல்ட் இருந்து இங்கே 8 வந்தால், 3 வோல்ட் வழியில் தொலைகிறது.

சுவிட்ச் இரண்டு பகுதி. முன்னால் திறப்பு போகும் பரல். பின்னால் கரண்ட் கொண்டக்ட் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு. பற்றரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஸ்டியரிங்கின் கீழ்க் கவரை எடுத்தால் அந்தத் துண்டு சின்ன ஸ்குரூவில் நிற்பது தெரியும். அதைக் கழற்ற, ஸ்டியரிங் பூட்டை யாரும் இலகுவில் கழற்றாதபடி தலையை அறுத்து இறுக்கிய போல்ட்டுகளைத் தொடவே தேவையில்லை. தண்டோடு மாற்றச் சொன்னது வீண் செலவு.

வெல்லாவெளி கெப்
காக்கா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். நின்றபோது ஒரு லைற்றும் இல்லை, முள்ளும் விழுந்து கிடந்தது. ஸ்டார்ட்டர் வயரில் 7.8 வோல்ட், பற்றரியில் 10.9. செங்கலடித் தம்பி சொன்ன முனைகள் சுத்தமாகத்தான் இருந்தன.

பின்பக்கத் துண்டைக் கழற்றினேன். பிளக்கில் ஒரு பின் கறுத்து பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. அதோடு டேப் சுற்றிய ஒரு வயர் வந்து சேர்கிறது. தேடிப் போனால் முன்னால் பூட்டிய இரண்டு ஸ்பொட் லைற்றுகளும் உள்ளே இருக்கும் காற்றாடியும் அதில்தான்.

கல்முனை வயரிங் காக்கா
நோய் அதுதான். ஸ்பொட் லைற் ஒன்று 55 வாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 9 அம்பியருக்கு மேல் அந்தச் சின்னக் கொண்டக்டால் போயிருக்கிறது. புதுத் துண்டை மட்டும் போட்டால் அதுவும் கருகும். யானைப் பாரத்தை ஆட்டுக்குட்டி தூக்கிய கதை.

புதுத் துண்டு போடுங்கள், உருகிய பிளக்கையும் பின்னோடு மாற்றுங்கள். ஸ்பொட் லைற்றுக்கு ஒரு ரிலே, ஸ்டார்ட்டருக்கு ஒரு ரிலே. ரிலே என்றால் சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதன் அடியில் எண் இருக்கும். ஸ்டார்ட்டர் ரிலேக்கு இப்படி: 30க்கு பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக வயர். 87லிருந்து ஸ்டார்ட்டரின் மெல்லிய வயர் முனைக்கு. 86க்கு திறப்பிலிருந்து வரும் பழைய ஸ்டார்ட் வயர். 85 சேஸிக்கு. இனித் திறப்புக்கு ரிலேயின் சுருளை இழுக்கும் வேலை மட்டும்தான், அதற்கு கால் அம்பியர்கூட வேண்டாம். பியூஸை பற்றரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், வயர் எங்காவது உரசினாலும் தீப்பிடிக்காது. ரிலேயின் பின்கள் கீழே பார்க்க இருக்கட்டும். நமது மார்கழி மழைக்கும் வாவிக் காற்றுக்கும் மேலே பார்த்த பின் பச்சை பூத்துவிடும்.

ஆரையம்பதி திறப்பு
பரலையும் பாருங்கள் அண்ணன். நெம்பினால்தான் பிடிக்கிறது என்றால் அதிலும் தேய்வு இருக்கலாம். வீட்டுத் திறப்பு, களஞ்சியத் திறப்பு எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் தொங்கவிட்டால் கிறவல் றோட்டில் அது பரலை ஆட்டிக்கொண்டே இருக்கும். வண்டித் திறப்பைத் தனியாக வையுங்கள். பரலுக்குள் கிரீஸும் தேங்காயெண்ணெயும் விட வேண்டாம், தூசி ஒட்டும். கிராபைட் தூள் போதும். தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டினால் புதுத் திறப்பும் தேய்ந்ததாகத்தான் வரும். சில வண்டிகளில் கதவுப் பூட்டின் பரலில் திறப்பு எண் அடித்திருக்கும். அது கிடைத்தால் அந்த எண்ணுக்கு வெட்டக் கேளுங்கள்.

வெல்லாவெளி கெப்
ரிலே பூட்டியாயிற்று. இப்போது ஸ்டார்ட்டர் வயரில் 10.6 காட்டுகிறது, திறப்பைத் தொட்டதும் எடுக்கிறது. வாய்க்கால் கட்டால் மூட்டையோடு போய்வந்தேன், நிற்கவில்லை. காக்காவுக்கும் தம்பிமாருக்கும் பெரிய நன்றி. ஸ்பொட் லைற் ரிலேக்கு எத்தனை அம்பியர் பியூஸ்?

கல்முனை வயரிங் காக்கா
15 போடுங்கள். காற்றாடியை அதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனிப் பியூஸ் வையுங்கள்.