‘எங்கட வளவு’ குழுவில ஒரு கத்திச் சண்டை

(போன சனிக்கிழமை எங்கட குடும்பக் குழுவில நடந்தது. காலை வணக்கப் பூக்களையும் சாமிப்படங்களையும் எடுத்துப்போட்டு மிச்சத்தை அப்பிடியே போடுறன். பேருக்குப் பதிலா முறை.)

காலமை 6.40

நான்: (படம்) அம்மம்மான்ர கத்தி. நேற்றுப் பிலாக்காய் பிளக்கேக்க பிடி ரெண்டாப் போட்டுது. முள்ளியவளையில கொல்லன்ர கம்மாலையில புதுசா ஒண்டு அடிப்பிக்கப் போறன். எப்பிடி அடிக்கச் சொல்லுறது? பத்து மணிக்கு வெளிக்கிடுவன், அதுக்கு முதல் சொல்லுங்கோ.

பெரியமாமா: புதுசு என்னத்துக்கு? பிடியை மாத்தினாக் காணும். அது லொறி ஸ்பிரிங் தகட்டில அடிச்ச அலகு.

நான்: மாமா, அலகை வடிவாப் பாருங்கோ. தீட்டித் தீட்டி ஈர்க்கு மாதிரி வந்திட்டுது.

பெரியமாமா: 95 இல அடிச்சது. சண்டைக்குள்ள ஊரை விட்டு வெளிக்கிடேக்க புளியடியில தாட்டுப்போட்டுப் போனது. 2011 இல திரும்பி வந்து கிண்டினால் பிடியைக் கறையான் திண்டிட்டுது, அலகு கிடந்தது. பிடி நான்தான் செதுக்கினனான், முதிரை மரத்தில. பெருவிரல் குந்துறதுக்கெண்டு பக்கத்தில பள்ளமும் வைச்சு. கடையில வாங்கேலாது அந்தப் பிடி.

பெரியமாமா: அதுக்கு மேல சைக்கிள் ரியூப்பைச் சுத்தி வைச்சிருக்கிறா. ஏனெண்டு கேட்டால் சொல்லுறா இல்லை.

அக்கா முல்லைத்தீவு: வழுக்குதாக்கும் மாமா. முதிரை மினுங்கும், ஆனால் ஈரக்கைக்குச் சரிவராது.

பெரியமாமா: முதிரை வழுக்குதோ?? எட, விண்ணாங்கு எண்டாலும் பரவாயில்லை எண்டு சொல்லு, ஒத்துக்கொள்ளுறன். அது மண்வெட்டிப் பிடிக்குப் போடுற மரம். வழுக்குது எண்டு சொல்லாதை.

தம்பி கம்பஸ்: அண்ணா, முதுகில வாள்ப்பல்லு வைச்சு அடிக்கச் சொல்லு. பிடிக்குள்ள கோறையா விட்டா நெருப்புப்பெட்டி, தூண்டில் எல்லாம் வைக்கலாம். யூரியூப்பில பாத்தனான்.

மாமி: அம்மம்மா தூண்டில் கொண்டு எங்க போறா?

பெரியமாமா: பிடியைக் கோறையா விட்டா அலகின்ர வாலை எங்க ஏத்துறது? ரெண்டு கொத்துக் கொத்த அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். முதுகில பல்லு வைச்சா, முதுகில மற்றக் கையை வைச்சு அமத்தேக்க என்ன நடக்கும் எண்டு நீயே யோசி.

தம்பி கம்பஸ்: சரி சரி, ஒரு ஓட்டையாவது போடச் சொல்லுங்கோ. கொழுவி வைக்கலாம்.

மாமி: ஓட்டை நல்லம். இப்ப கிடுகுக்குள்ள செருகி வைக்கிறா. கூரையில கத்தி தேடுற வேலை எனக்கு.

7.25

மச்சான் கிளிநொச்சி: ஹோட்டலில எங்களுக்கு 20 சென்ரிமீற்றர் அலகு. வயிறு வளைஞ்சிருக்கவேணும், அப்பதான் நுனியைப் பலகையில வைச்சு ஆட்டி ஆட்டி வெங்காயம் அரியலாம். அடிப்பக்கம் அகலம் வேணும், இல்லாட்டி விரல்மொழி பலகையில இடிக்கும். பிடி பிளாஸ்ரிக்: சிவப்புப் பிடி சமைக்காத இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை மரக்கறிக்கு. மாத்திப் பிடிச்சா ஏச்சுத்தான்.

மாமி: தம்பி, அவவுக்குப் பலகையே இல்லை. கையில வைச்சு அரியிறவ. பெருவிரலை நோக்கி இழுத்து.

மச்சான் கிளிநொச்சி: அப்ப 20 கூடிப்போச்சு. 12 காணும்.

பெரியமாமா: 12 ஆல தேங்காய் எப்பிடி உடைக்கிறது? முதுகு கால் அங்குலம் தடிப்பு வேணும். பாரம் இல்லாத கத்தி கத்தியில்லை.

அக்கா முல்லைத்தீவு: அப்ப மீன்? முதுகு தடிச்ச கத்தியால பாரைக்குச் செட்டை எடுத்துப் பாருங்கோ. மெல்லிசா, கொஞ்சம் வளைஞ்சு குடுக்கவேணும். நான் அரிவாளில இருந்து வெட்டினாலும் குடல் எடுக்கச் சின்னக் கத்திதான்.

மாமி: ரெண்டு கத்தியாச் செய்விக்கலாமே.

பெரியமாமா: 30 வருசம் ஒரு கத்தியாலதானே எல்லாம் செய்தவ.

மாமி: ஓம், செய்தவ. நீங்கள் ஒண்டுதானே வாங்கிக் குடுத்தனீங்கள்.

8.10

சின்னமாமா சுவிஸ்: இரவு வேலை முடிஞ்சு இப்பதான் வந்து பாக்கிறன். ஒண்டும் அடிப்பிக்க வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரேக்க விக்டோரினொக்ஸ் மடிக்கிற கத்தி கொண்டுவாறன். 1884 இல இஞ்ச இபாக் எண்ட ஊரில தொடங்கின பட்டறை. அந்தச் சிவப்புக் கத்தி 1897 ஆனி 12 அண்டு பதிஞ்சது. தொடங்கின கார்ல் எல்செனர், தாய் செத்தாப்பிறகு தாயின்ர பேரை, விக்டோரியாவை, கொம்பனிக்கு வைச்சவர். துருப்பிடிக்காத உருக்கு வந்தாப்பிறகு 1921 இல ‘இனொக்ஸ்’ எண்டதையும் சேத்துக்கொண்டவை.

மாமி: தாயின்ர பேரை வைச்சவரோ. நல்ல பிள்ளை. இஞ்ச ஒரு தாய் மூண்டு கிழமையாப் போன் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறா.

சின்னமாமா சுவிஸ்: அண்ணி 🙏 இண்டைக்குப் பின்னேரம் எடுக்கிறன்.

அக்கா முல்லைத்தீவு: மாமா, மடிக்கிற கத்தி மீனுக்குக் கூடாது. மூட்டுக்குள்ள செதில் போனா எடுக்கேலாது, நாலாம் நாள் மணக்கும்.

மச்சான் கிளிநொச்சி: அதோட சித்தப்பா, அந்தச் சின்ன மொடலுகளில பூட்டு இல்லை. வில்லுதான் அலகைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது. நுனியால குத்தி அமத்தினா விரலில மடியும்.

சின்னமாமா சுவிஸ்: அப்ப பிரான்ஸ்காரற்ற ஒப்பினெல். 1890 இல இருந்து செய்யிறாங்கள். 1955 இல கழுத்தில ஒரு வளையம் வைச்சவங்கள், திருப்பிவிட்டா அலகு அசையாது. பிடி மரம்.

நான்: மழைக்கு மரம் ஊதி, அலகைத் திறக்கேலாமல் வருமெண்டு சொல்லுறாங்களே மாமா?

சின்னமாமா சுவிஸ்: ஓம், அது உண்மைதான். என்ரையும் ஒருக்கா இறுகிப்போச்சு. நிலத்தில தட்டித்தான் திறந்தனான்.

பெரியமாமா: மாரியில முத்தையன்கட்டுக்கு வந்து தட்டிப் பார்.

8.45

சித்தி கனடா: இன்னும் படுக்கேல்ல, சிரிச்சுக்கொண்டு வாசிக்கிறன். என்னட்ட வெள்ளைக் கத்தி ஒண்டு இருக்கு, செரமிக். துருவே பிடியாது. ரெண்டு வருசமாத் தீட்டவே இல்லை. தக்காளி தொட்டவுடனே விழும்.

பெரியமாமா: கோப்பைத் துண்டால வெட்டுறியோ பிள்ளை?

சித்தி கனடா: பெரியண்ணை, உருக்கை விட வைரமானது!

மச்சான் கிளிநொச்சி: வைரமானதுதான் மாமி. ஆனால் எலும்பில பட்டு நெளிச்சா சில்லு உடையும். கீழ விழுந்தாலும் அவ்வளவுதான். அப்பம்மாவிட்ட ஒரு நாள் தாங்காது, தேங்காய்க்குக் குடுத்திடுவா.

சித்தி கனடா: அதுவும் சரிதான். என்ர முதல் கத்திக்கு நுனி இல்லை இப்ப.

பெரியமாமா: துரு துரு எண்டு எல்லாரும் பயப்பிடுறியள். துருப்பிடியாத உருக்கெண்டா நூற்றுக்குப் பத்தரைக்கு மேல குரோமியம் இருக்கவேணும். லொறித் தகட்டில ஒண்டு இருந்தாலே பெரிய காரியம். துருப்பிடிக்கத்தான் செய்யும். புளிப்போட்டுத் தேய்ச்சு, துடைச்சு, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. ஆனால் படிக்கல்லில பத்துத்தரம் இழுத்தாக் கூராகும். சின்னவன் போனமுறை கொண்டந்த மினுங்கல் கத்தியைத் தீட்ட நான் பட்ட பாடு!

சின்னமாமா சுவிஸ்: அதை நீங்கள் படிக்கல்லில தீட்டினதுதான் பிழை அண்ணை.

பெரியமாமா: கல்லுக் கல்லுத்தான்.

நான்: மாமா, கம்மாலையில தோய்ச்சல் சரியா வைப்பாரோ? போனமுறை ஒருத்தர் அடிச்ச கோடாலி முதல் கொத்திலயே வாய் மடிஞ்சது.

பெரியமாமா: அது கட்டடக் கம்பியில அடிச்சிருப்பான். கம்பியை எத்தினைதரம் தோய்ச்சாலும் வைரம் ஏறாது, அதில காபன் காணாது. இவர் நல்ல ஆள். பக்கத்தில நிண்டு பார். காய்ச்சின இரும்பைக் காந்தத்தில வைச்சா ஒட்டக்கூடாது, அந்தச் சூடு வந்தாத்தான் தோய்க்கலாம். பிறகு அப்பிடியே விட்டாக் கண்ணாடி மாதிரி உடையும். திருப்பி மெல்லமாச் சூடு காட்டவேணும். வாயில வைக்கல் நிறம் ஓடிவரும், அந்த நேரம் நிப்பாட்டவேணும். நீலம் வந்திட்டுதெண்டா வில்லுக்குத்தான் சரி, கத்திக்கு மெத்தனம்.

பெரியமாமா: முதுகு மெத்தனமா இருக்கலாம். வாய் மட்டும் வைரம்.

மாமி: வீட்டிலயும் அப்பிடித்தான்.

(இதுக்கு 14 சிரிப்பு முகம். பெரியமாமா மட்டும் ஒண்டும் போடேல்ல.)

9.30

நான்: சரி, நான் எழுதி வைச்சது: லொறித் தகடு. அலகு ஆறு அங்குலம், தேங்காயும் மீனும் நடுவில ஒரு இடத்தில சமாதானமாப் போகட்டும். வால் பிடி முழுக்க ஓடி, மூண்டு றிவெற். அரக்கு வேண்டாம். கொழுவ ஓட்டை. பிடி விண்ணாங்கு.

பெரியமாமா: முதிரை.

அக்கா முல்லைத்தீவு: விண்ணாங்கு.

சின்னமாமா சுவிஸ்: மான்கொம்பு வடிவா இருக்கும்.

மாமி: வனஜீவராசிக்காரர் வந்தா நீங்களே சுவிஸில இருந்து பதில் சொல்லுங்கோ.

பெரியமாமா: என்ன மரமெண்டாலும் உருளையாக் கடையவேண்டாம் எண்டு சொல்லு. முட்டை வடிவு. இருட்டிலயும் வாய் எந்தப்பக்கமெண்டு கைக்குத் தெரியவேணும், ஈரத்தில சுழலக்கூடாது. கடைசியில ஒரு குமிழ். பெருவிரல் பள்ளம் நான் வைச்ச மாதிரியே. பழைய பிடியைக் கொண்டுபோய்க் காட்டு.

11.20

நான்: கம்மாலையில நிக்கிறன். கொல்லர் ஐயா பழைய அலகை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார், ரியூப்பை அவிட்டுப் பிடியையும் பாத்தார். பாத்திட்டு, “இதை வைச்சிருக்கிறவ இடக்கையோ?” எண்டு கேக்கிறார்.

சின்னமாமா சுவிஸ்: இல்லையே. வலக்கையாலதானே சாப்பிடுறவ.

சித்தி கனடா: விளக்குக் கொளுத்துறதும் வலக்கை.

நான்: அலகு ரெண்டு பக்கமும் தீட்டுப்படேல்லையாம். சரிவு முழுக்க இடப்பக்கம், வலப்பக்கம் தட்டை. வலக்கைக்காரர் தீட்டினா மறுவளமா இருக்குமாம். வருசக்கணக்கா ஒராள்தான் தீட்டியிருக்கு எண்டுறார்.

மச்சான் கிளிநொச்சி: அப்பா, அப்பம்மான்ர கத்தியை நீங்கள்தானே தீட்டிக் குடுக்கிறனீங்கள்?

பெரியமாமா: அவ விடமாட்டா. தானே படியில தீட்டுவா.

மாமி: பொறுங்கோ, குசினிக்குப் போய்க் கேக்கிறன்.

மாமி: (குரல் பதிவு, 0:41)

(போன் கேக்கேலாத ஆக்களுக்காக அக்கா எழுதினது: “சின்னனில இடக்கையால சாப்பிட்டு ஆச்சியிட்ட அகப்பைக்காம்பால அடி வாங்கினவவாம். சோத்துக்கும் சாமிக்கும் மட்டும் கையை மாத்தினவவாம். கத்திக்கு ஒருத்தரும் அடிக்கேல்லையாம், அதால மாத்தேல்லையாம்.”)

சித்தி கனடா: 54 வயசில எனக்கு இது இப்பதான் தெரியும்.

அக்கா முல்லைத்தீவு: அப்ப அந்தப் பெருவிரல் பள்ளம்?

நான்: பிழையான பக்கத்தில இருக்காம். அவ பிடிச்சா அது பெருவிரலுக்கு வராது, உள்ளங்கையைத்தான் வெட்டும். அதுதான் பழந்துணியை அடைஞ்சு ரியூப்பைச் சுத்தியிருக்கிறா. ஐயா துணியை எடுத்துக் காட்டினார்.

தம்பி கம்பஸ்: 2011 இல இருந்தோ 😳

மாமி: செதுக்கித் தந்தவர் சந்தோசமாத் தந்தவர், என்னத்தைச் சொல்லுறது எண்டுறா.

(பெரியமாமா எழுதிக்கொண்டிருந்தார். கன நேரம்.)

பெரியமாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: மாமா, ஐயா கேக்கிறார். இடக்கைக்கெண்டா வாய்ச் சரிவை மாத்தித் தட்டவேணும், செவ்வாய்க்கிழமைதான் முடியுமாம். பள்ளம் மற்றப்பக்கம் வைக்கட்டோ?

பெரியமாமா: பள்ளம் வேண்டாம். முட்டை வடிவு காணும்.

பெரியமாமா: விண்ணாங்கு போடச் சொல்லு.

மாமி: சைக்கிளை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போட்டார். சாப்பாட்டுக்கு வருவார். அது கிடக்கட்டும் தம்பி, பழைய கத்தியைக் கையோட கொண்டு வா, செவ்வாய் மட்டும் இஞ்ச வெட்டிறதுக்கு ஒண்டுமில்லை.