பாண் வண்டியின் மெட்டு இரவிலும் தலைக்குள் ஓடுகிறது. இதை எப்படி நிறுத்துவது?

கடலோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளின் கணக்குகளை எழுதிக் கொடுக்கிறேன். காலையிலும் மாலையிலும் எங்கள் ஒழுங்கைக்குள் பாண் விற்கும் முச்சக்கரவண்டி வரும். நாம் எல்லோரும் சூன் பாண் என்று சொல்வோமே, அதுதான். வண்டி சாம்பல்தீவுப் பக்கம் போய்ச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும், அதன் ஒலிபெருக்கியில் ஒலித்த மெட்டின் தொடக்கத் துண்டு மட்டும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கணக்குக் கூட்டும்போது வருகிறது, துணி காயப்போடும்போது வருகிறது, இரவில் விளக்கை அணைத்த பிறகு இன்னும் தெளிவாக வருகிறது. சினிமாப் பாடல்களும் முன்பு இப்படி ஒட்டிக்கொண்டதுண்டு, ஆனால் அவை ஒரு நாளில் போய்விடும். இது மூன்று வாரங்களாகப் போகவில்லை.

முழு இசையும் வராமல் அந்தச் சிறு துண்டு மட்டும் ஏன் வருகிறது? வண்டியில் ஒலிக்கும் அதே வேகத்தில் ஏன் வருகிறது? இது ஏதேனும் நோயின் அறிகுறியா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

தங்கச்சி, நான் பாடசாலையில் சங்கீதம் கற்பித்து ஓய்வுபெற்றவள். ஓர்ஸ் ஹில்லிலும் அதே மெட்டுடன்தான் பாண் வருகிறது, ஆகவே உங்கள் துன்பம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. அது ஜெர்மன் இசையமைப்பாளர் பீத்தோவன் 1810 ஆம் ஆண்டில் பியானோவுக்காக எழுதிய 'ஃபியூர் எலிஸே' என்ற சிறு உருப்படி. அவர் 1827 இல் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1867 இல்தான் அது அச்சேறியது.

அந்தத் தொடக்கத் துண்டை நம் சுரங்களில் எழுதிப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். அதன் ஆதார சுரத்தை ஷட்ஜமாக, அதாவது 'ஸ' ஆகக் கொண்டால், 'ப ம ப ம ப ரி ம க ஸ' என்று அமைகிறது. முதலில் வரும் இரண்டு மத்தியமங்களும் பிரதி மத்தியமம், அதாவது சற்று உயர்ந்த 'ம'. ரிஷபத்துக்குப் பின் வருவதோ சுத்த மத்தியமம், அதைவிடத் தாழ்ந்த 'ம'. பஞ்சமத்துக்கும் அதற்கு ஒட்டினாற்போல் கீழேயுள்ள சுரத்துக்கும் இடையில் ஊஞ்சல் ஆடுவது குழந்தைகூட வாயால் பாடக்கூடிய எளிமை. அதே மூச்சில் இரண்டு வகை மத்தியமமும் அடுத்தடுத்து வந்துவிடுவது நம் செவிக்குப் புதுமை. பெஹாக், ஹமீர் கல்யாணி போன்ற சில இராகங்களில் இரண்டும் வரும் என்றாலும், நாம் அன்றாடம் கேட்கும் பெரும்பாலான இராகங்களில் ஏதாவது ஒன்றுதான் வரும். பாடுவதற்கு எளிதாகவும் ஓரிடத்தில் மட்டும் எதிர்பாராததாகவும் இருக்கும் மெட்டை மனம் எளிதில் விடுவதில்லை என்பது மாணவர்களிடம் நான் பல ஆண்டுகள் கண்டது. பாடத்தில் வைத்த கீதத்தை மறப்பார்கள், இடைவேளையில் கேட்ட விளம்பர மெட்டை மறக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பீத்தோவன் எழுதியதில் இந்தப் பகுதிக்குப் பிறகு வேறு இரண்டு பகுதிகள் வருகின்றன. ஒவ்வொன்றின் பின்னும் முதல் பகுதி திரும்பி வந்து, கடைசியில் அமைதியாக ஷட்ஜத்தில் அடங்குகிறது. எங்கள் தெருவில் வரும் வண்டியின் கருவியோ தொடக்கத்தைச் சொல்லிவிட்டு மறுபடியும் தொடக்கத்துக்கே போய்விடுகிறது. நீங்கள் இத்தனை நாளும் முடிவில்லாத ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒருநாள் முழு உருப்படியையும் உட்கார்ந்து கேளுங்கள், மூன்று நிமிடம் அளவில்தான் இருக்கும்.

பாலையூற்றான் எழுதியது:

நான் உளவியல் படித்தவன். ரீச்சர் மெட்டைப் பற்றிச் சொன்னதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் மூவாயிரம் பேரிடம் கேட்டு, 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, தலையில் ஒட்டிக்கொள்ளும் பாடல்கள் பொதுவாகச் சற்று விரைவானவை என்றும், அவற்றின் ஏற்ற இறக்கம் பழகிய வடிவில் இருந்தாலும் எங்கோ வழக்கத்துக்கு மாறான ஒரு தாவலோ திரும்பலோ இருக்கும் என்றும் கண்டது. ஆராயப்பட்டவை மேற்கத்தியப் பாடல்கள் என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்.

இந்த அனுபவத்தை ஜெர்மன் மொழியில் 'ஓர்வுர்ம்', அதாவது காதுப்புழு, என்கிறார்கள். இது நோயல்ல. பின்லாந்தில் 12,000 க்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வாரத்தில் ஒரு முறையாவது தமக்கு இது நேர்வதாகச் சொன்னார்கள். வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி. மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு, பாட்டு மனதில் ஓடும் நேரமெல்லாம் அதன் தாளத்தைத் தட்டும்படி சிலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். 2015 இல் வெளியான அந்த ஆய்வில், அவர்கள் தட்டிய வேகம் பதிவு செய்யப்பட்ட பாடலின் வேகத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. உங்கள் நினைவு அந்த வண்டியின் வேகத்தை அப்படியே பிடித்து வைத்திருப்பதில் வியப்பில்லை.

முற்றுப்பெறாத துண்டு ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு, முடித்த வேலையைவிட இடையில் நின்ற வேலையே நன்றாக நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927 இல் எழுதியதைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். பாட்டுக்கும் அது பொருந்தும் என்பது ஊகந்தான், ஆனால் ரீச்சர் சொன்ன வழியை முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. அத்துடன் சுயிங்கம் மென்று பாருங்கள். பாட்டை மனதுக்குள் முணுமுணுக்கும்போது பேசும் உறுப்புகளை இயக்கும் அதே ஏற்பாடுதான் மூளையில் வேலை செய்கிறது. வாய் வேறு வேலையில் இருந்தால் அந்த முணுமுணுப்புத் தடைப்படுகிறது என்று 2015 இல் வந்த பரிசோதனை ஒன்று காட்டியது. சுடோக்கு போன்ற புதிரும் உதவும். ஆனால் அது அளவாக இருக்கவேண்டும். மிக எளிதானாலும் மிகக் கடினமானாலும் மனம் அலையத் தொடங்கி மெட்டு திரும்பிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மெட்டு தலைக்குள் ஓடுவதாகத் தோன்றாமல், வெளியே எங்கோ உண்மையாக ஒலிப்பதுபோல் கேட்டால், அது வேறு விடயம். அப்போது காதைப் பரிசோதிக்கவேண்டும்.

வெந்நீரூற்று எழுதியது:

தம்பி சொன்னதுடன் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். இரண்டு வருடங்கள் நானே பாண் வண்டி ஓட்டினேன், கன்னியாவிலிருந்து பட்டணம் வரைக்கும். ஓட்டும் நேரத்தில் அந்த மெட்டு என் காதில் விழுவதே இல்லை. மிச்சக் காசை எண்ணுவதிலும் யார் வீட்டுக்கு எத்தனை பணிஸ் என்பதிலும் கவனம் போய்விடும். வண்டி ஓடாத நாட்களில்தான், சும்மா இருக்கும்போது, அது தேடிக்கொண்டு வரும். இன்னொரு பாட்டைப் போட்டு அதை விரட்டப் பார்த்தேன். அந்தப் பாட்டு வந்து குடியேறிக்கொண்டது.

எனக்கு உதவியது தேவாரம். நம் கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று வந்து முடியும், ஒட்டிக்கொள்வதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் கடைசிப் பாட்டில் அந்தத் தொடர் 'அமர்ந்தாரை' என்று மாறிப் பாட்டின் நடுவிலேயே வந்துவிடும், முடிவு வேறாக இருக்கும். அதுவரை வாய்விட்டுப் பாடி முடித்தால் மனம் தானாக நின்றுவிடுகிறது. இடையில் நிறுத்தினால் இரவு முழுவதும் தொடரும். இது என் அனுபவம் மட்டுமே.

கடலோரம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரீச்சர் சொன்னபடி, மூன்று மாலைகள் முழு உருப்படியையும் கேட்டேன். நடுவில் ஒரே சுரம் அடித்தளத்தில் விடாமல் துடிக்க, மேலே இசை கனத்து எழும் ஒரு பகுதி இருக்கிறது. இத்தனை வருடங்களாகப் பாண் வாங்கிய எனக்கு அது இருப்பதே தெரியாது. இப்போதும் காலையில் மெட்டு வருகிறது, ஆனால் பத்து மணிக்குள் போய்விடுகிறது, இரவில் தூங்குகிறேன்.

பாலையூற்றான் அண்ணா கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. 74 வயதான என் அம்மா, நள்ளிரவில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறார்கள் என்று சில மாதங்களாகச் சொல்லிவருகிறார். வீட்டில் வேறு எவருக்கும் அது கேட்டதில்லை. வயதின் மறதி என்று எண்ணி நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். இது எதனால் வரும் அண்ணா?

பாலையூற்றான் எழுதியது:

தங்கச்சி, கேள்விப் புலன் குறைந்த முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது நேர்வது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. காதிலிருந்து வரும் ஒலி குறையும்போது மூளை தன்னிடமுள்ள பழைய பாட்டுகளால் அந்த வெறுமையை நிரப்பிக்கொள்கிறது என்று விளக்குவார்கள். இதனால் மட்டும் புத்தி பேதலித்துவிட்டது என்று பொருளில்லை. அதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், பலர் அந்தப் பயத்தினாலேயே வெளியே சொல்வதில்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அம்மா குடிக்கும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள், சில மருந்துகளாலும் இது வரலாம். செவிப்புலன் கருவி பொருத்திய பிறகு சிலருக்குப் பாட்டுக் குறைந்துவிடும்.

கடலோரம் எழுதியது:

சென்ற வாரம் அம்மாவைக் கூட்டிச் சென்றோம். இரண்டு காதிலும் கேள்வி நன்றாகக் குறைந்திருக்கிறது. கருவிக்கு அளவெடுக்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் விளக்கியதைக் கேட்டுவிட்டு அம்மா சிறிது நேரம் அழுதார். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றே இவ்வளவு நாளும் எண்ணியிருந்தாராம். நேற்றிரவும் பாட்டு வந்தது என்று காலையில் சொன்னார். ஆனால் யன்னலைத் திறந்து பார்க்க அவர் எழும்பவில்லை.