வேதப்புரட்டு எது, கருத்து வேறுபாடு எது? தோட்டத்து வேதபாட வகுப்புக்காக ஒரு கேள்வி

கொட்டகலை வாலிபர் வகுப்பு:

எல்லாருக்கும் தோத்திரம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மெதடிஸ்ட், கத்தோலிக்கம், அசெம்ப்ளிஸ் ஆப் கோட் என்ற பெந்தெகொஸ்தே சபை, இரண்டு சுயாதீன சபைகள், சனிக்கிழமை ஆராதிக்கும் சில குடும்பங்கள் என்று எல்லாரும் அடுத்தடுத்த லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். வேதபாட வகுப்பிலும் கலந்துதான் உட்காருகிறார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் "அது வேதப்புரட்டு" என்ற பேச்சு வந்துவிட்டது. குழந்தை ஞானஸ்நானம், அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் அறியாத மொழியில் பேசுவது), மரியாளிடம் மன்றாடுவது, தோடு கழற்றுவது, பூ வைக்காமல் இருப்பது, சனிக்கிழமை கொழுந்து எடுக்கப் போவது, மாரியம்மன் திருவிழாப் பொங்கலைச் சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் இதே பேர்தான். வீடு வீடாக வரும் ஒரு குழு "இயேசு நாமத்தில் மட்டும் திரும்ப ஞானஸ்நானம் எடுக்காவிட்டால் இரட்சிப்பு இல்லை" என்கிறது. இன்னொருவர் "விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாம்" என்கிறார்.

எது உண்மையிலேயே வேதப்புரட்டு, எதை வேறுபாடு என்று விட்டுவிடலாம்? பிரித்துப் பார்க்க ஒரு முறை சொல்லுங்கள். உங்கள் சபைக்கு வக்காலத்து வாங்காமல் எழுதினால் நல்லது.

பதுளை உபதேசியார்:

தம்பி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதத் தொடங்கினால் வகுப்பு உடைந்துபோகும். முதலில் ஒரே ஒரு கேள்வி: இந்தப் போதனை எதில் கைவைக்கிறது? கடவுள் யார், கிறிஸ்து யார், அவர் நம்மை எப்படி இரட்சிக்கிறார் என்ற மூன்றில் ஒன்றைப் புரட்டினால்தான் வேதப்புரட்டு என்ற பேச்சுக்கே இடமுண்டு. 1 கொரிந்தியர் 15:3-4இல் பவுல் பிரதானமாக ஒப்புவித்தது கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்ததும், அடக்கம்பண்ணப்பட்டதும், மூன்றாம் நாள் எழுந்ததும்தான். அதே பவுல் ரோமர் 14இல் நாள் பார்ப்பதையும் மரக்கறி மட்டும் சாப்பிடுவதையும் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறார்.

அளக்கும் கோலாக நைசியா விசுவாசப்பிரமாணத்தை, அதாவது ஆதிச் சபையின் பொதுச் சங்கங்கள் வகுத்த விசுவாச அறிக்கையை, எடுங்கள். வகுப்பில் வரி வரியாக வாசித்து, புதிய போதனை எந்த வரியில் இடிக்கிறது என்று கேளுங்கள். எந்த வரியிலும் இடிக்காவிட்டால் அவசரப்பட வேண்டாம். 325இல் நைசியாவில் கூடிய சங்கத்தில் ஆரியு என்ற குருவின் போதனை தள்ளப்பட்டபோது பிரச்சினை என்னவென்றால், குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு, அவர் படைக்கப்பட்டவர் என்று அவர் சொன்னார். அப்படியானால் சபை ஒரு சிருஷ்டியை வணங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சிருஷ்டி நம்மைக் கடவுளோடு சேர்க்கவும் முடியாது. ஆரியுவும் வசனம் காட்டித்தான் பேசினார்: நீதிமொழிகள் 8:22, கொலோசெயர் 1:15. ஆகவே "வசனம் இருக்கிறதே" என்பது மட்டும் பதிலாகாது. அந்த வசனத்தை வேதம் முழுவதோடும் எப்படிச் சேர்த்து வாசிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி 381இல் கொன்ஸ்தாந்தினோப்பிளில் விரிவானது. கிறிஸ்து ஒரே ஆள், முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர் என்பதை 451இல் கல்செதோன் சங்கம் தெளிவாக்கியது. யெகோவாவின் சாட்சிகளை மற்ற சபைகள் வெளியே வைப்பது இந்தக் கோலின்படிதான். குமாரன் படைக்கப்பட்டவர் என்பது அவர்களுடைய போதனை. கதவைத் தட்டி வருவதோ இரத்தம் ஏற்ற மறுப்பதோ அதற்குக் காரணம் இல்லை.

அடுத்தது, பலரும் தவறவிடும் இடம். பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார் (அப்போஸ்தலர் 16:3). தீத்துவுக்குச் செய்ய வேண்டும் என்று நெருக்கியபோது மறுத்தார் (கலாத்தியர் 2:3-5). செயல் ஒன்றுதான். தீமோத்தேயுவின் காரியத்தில் அது யூதர்கள் நடுவே ஊழியம் செய்ய ஒரு வசதி. தீத்துவின் காரியத்திலோ "இது இல்லாமல் இரட்சிப்பு இல்லை" என்று கேட்டார்கள். கலாத்தியர் 1:8இன் சாபம் விருத்தசேதனம் செய்துகொண்டவர்கள்மேல் விழவில்லை, அதைச் சுவிசேஷத்தோடு நிபந்தனையாகச் சேர்த்தவர்கள்மேல் விழுந்தது.

உங்கள் பட்டியலை இதன்படி பாருங்கள். ஒரு அக்கா பூ வைக்காமல், தோடு போடாமல் வந்தால் அது அவருடைய பக்தி. "தோடு போட்டவள் பரலோகம் போகமாட்டாள்" என்று அதே அக்கா போதித்தால் நிலைமை மாறிவிட்டது. சனிக்கிழமையும் அப்படித்தான். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளின் இன்றைய அதிகாரபூர்வ விசுவாச அறிக்கை திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்பதை) ஏற்கிறது. சனிக்கிழமைப் பேரை, அதாவது அன்றைய நாள் சம்பளத்தை, இழந்தாவது ஓய்வுநாளைக் காக்கும் குடும்பத்தை மதிக்கத்தான் வேண்டும். ஞாயிறு ஆராதிக்கிறவர்கள் இரட்சிப்புக்கு வெளியே என்று யாராவது சொன்னால் அங்கே கொலோசெயர் 2:16ஐத் திறந்து பேசுங்கள்.

குழந்தை ஞானஸ்நானம் வேறு ரகம். வேதப்புரட்டு இல்லை, ஆனால் அற்ப விஷயமும் இல்லை. ஒரே சபையில் இரண்டு முறையையும் வைத்து நடத்துவது கஷ்டம், அதனால் சபைகள் பிரிந்திருக்கின்றன. அப்படியும் பிலிமத்தலாவையிலுள்ள இலங்கை இறையியல் கல்லூரியில் 1963 முதல் அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் மாணவர்கள் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். முதல் இரண்டும் குழந்தைக்குக் கொடுக்கும், பப்டிஸ்ட் கொடுக்காது. இதைவிட நல்ல உதாரணம் மலையகத்தில் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, ஆளையும் போதனையையும் பிரித்துப் பாருங்கள். திரித்துவத்தைத் தண்ணீர், ஐஸ், நீராவி என்று விளக்கும் ஞாயிறு பாடசாலை ஆசிரியைகள் நிறையப்பேர். ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிறார் என்ற பழைய சபேலியுவின் போதனைதான் அது. அதற்காக அந்த ஆசிரியை வேதப்புரட்டர் ஆகிவிடமாட்டார். யாரும் திருத்திக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். யோவானின் ஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்த அப்பொல்லோவை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியாக அழைத்துப்போய் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). தீத்து 3:10கூட இரண்டொரு தரம் புத்தி சொன்ன பிறகுதான் விலகச் சொல்கிறது. முதல் நாளே பேர் வைப்பவர் அந்த வசனத்தைத்தான் மீறுகிறார்.

நானுஓயா மறையாசிரியை:

உபதேசியார் ஐயா கடைசியாகச் சொன்னதைக் கத்தோலிக்கத் திருச்சபை சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 751ஆம் பிரிவின்படி தப்பறை (நீங்கள் வேதப்புரட்டு என்பதற்கு எங்கள் சொல்) என்று சொல்ல நான்கு காரியம் சேர வேண்டும்: ஆள் திருமுழுக்குப் பெற்றவராக இருக்க வேண்டும், மறுக்கப்படுவது இறைவன் வெளிப்படுத்தியதாகத் திருச்சபை போதிக்கும் உண்மையாக இருக்க வேண்டும், அதை மறுக்கவோ சந்தேகிக்கவோ வேண்டும், அதுவும் பிடிவாதமாக. ஒன்று குறைந்தாலும் அந்தப் பேர் பொருந்தாது. பக்கத்து லயத்து இந்துச் சகோதரரைத் தப்பறைக்காரர் என்று சொல்லவே முடியாது. கேள்வி கேட்கும் மாணவனையும் அப்படித்தான். சந்தேகம் வருவது வேறு, சந்தேகத்தைப் பிடிவாதமாக வைத்துக்கொள்வது வேறு.

இலங்கையிலேயே ஒரு வழக்கு உண்டு. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகள் 1990இல் மரியாளும் மனித விடுதலையும் பற்றி ஒரு நூல் எழுதினார். பிறப்புநிலைப் பாவம், மரியாள் பற்றிய கோட்பாடுகள் ஆகியவற்றில் அது தவறுகிறது என்று 1994இல் இலங்கை ஆயர்கள் அறிவித்தார்கள். பிறகு உரோமையோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. விசுவாச அறிக்கை ஒன்றில் கையெழுத்திடச் சொன்னபோது, அவர் பாப்பரசர் ஆறாம் பவுலின் விசுவாச அறிக்கையில், தன் சொந்த வாசகம் ஒன்றைச் சேர்த்துக் கையெழுத்திட்டார். அது நிபந்தனையாகிவிடுகிறது என்று உரோமை ஏற்கவில்லை. 1997 ஜனவரியில் திருச்சபை விலக்கு அறிவிக்கப்பட்டது. 1998 ஜனவரியில் சமரசமாகி நீக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு சரியா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. வகுப்புக்கு நான் காட்ட விரும்புவது கால அளவை. நூல் வந்து விலக்கு வர ஆறு ஆண்டுக்கு மேல் ஆனது, நடுவே எத்தனையோ படிகள். நம் பிள்ளைகள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

அன்னை மரியாள் விஷயத்தில் மறைக்காமல் சொல்கிறேன். அமலோற்பவம் (மரியாள் பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானது) 1854இலும் விண்ணேற்பு (உடலோடும் ஆன்மாவோடும் விண்ணுக்கு எடுக்கப்பட்டது) 1950இலும் வரையறுக்கப்பட்ட கோட்பாடுகள். கத்தோலிக்கருக்கு இவை விருப்பப் பாடம் இல்லை. ஆனாலும் உண்மைகளுக்குள் ஒரு படிநிலை உண்டு, விசுவாசத்தின் அடித்தளத்தோடு அவற்றுக்குள்ள தொடர்பு வேறுபடுகிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1964இல் சொல்லியிருக்கிறது. பிரிந்த சபைகளில் பிறந்து வளர்ந்தவர்கள்மேல் பிரிவினைப் பாவத்தைச் சுமத்தக்கூடாது என்றும் அதே ஏட்டில் இருக்கிறது. எனவே மெதடிஸ்ட் பிள்ளை செபமாலை சொல்லாததற்கு எங்கள் பிள்ளைகள் தப்பறை என்று சொல்லக்கூடாது. மரியாளிடம் மன்றாடுவது "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்பதுதான், ஆராதனை கடவுளுக்கு மட்டும். இதைக் கேட்ட பிறகும் ஏற்க முடியாது என்றால் அது நேர்மையான வேறுபாடு. இல்லாத போதனையை எங்கள் தலையில் கட்டி அதைத் திட்டுவதுதான் வேண்டாம்.

பழைய சாபங்களும் திரும்பப் பார்க்கப்பட்டிருக்கின்றன. விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவது பற்றி லூத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999 அக்டோபர் 31இல் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதில் சொல்லியபடியான இன்றைய போதனைமேல் 16ஆம் நூற்றாண்டுக் கண்டனங்கள் விழாது என்றார்கள். 2006இல் உலக மெதடிஸ்ட் பேரவையும் சேர்ந்துகொண்டது.

பண்டாரவளை பெந்தெகொஸ்தே ஊழியன்:

இயேசு நாமக் குழுவைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சண்டை எங்கள் வீட்டுக்குள்தான் முதலில் வந்தது. அசெம்ப்ளிஸ் ஆப் கோட் அமெரிக்காவில் 1914இல் தொடங்கியது. 1916இலேயே திரித்துவத்தை அறிக்கையிட்டு ஒரு விசுவாசப் பிரகடனம் எழுத வேண்டி வந்தது. அதனால் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளியேறினார்கள். அந்நியபாஷையில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரா, இயேசு என்ற ஒருவருக்கே மூன்று பட்டங்களா என்பதில்தான் பிரிந்தார்கள்.

"இயேசுவின் நாமத்தில்" என்ற வார்த்தையைக் கேட்டவுடனே பாயவேண்டாம், அது அப்போஸ்தலர் 2:38இல் இருக்கிறது. அவர்களிடம் இரண்டு கேள்வி மெதுவாகக் கேளுங்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது யோர்தானில் குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் இறங்குகிறார், வானத்திலிருந்து சத்தம் வருகிறது, பேசியது யார்? யோவான் 17:5இல் உலகம் உண்டாகுமுன் உம்மிடத்தில் எனக்கிருந்த மகிமை என்று இயேசு சொன்னது யாரிடம்? "மனித சுபாவம் தெய்வ சுபாவத்தோடு பேசியது" என்று பதில் வரும். உலகம் உண்டாகுமுன் மனித சுபாவம் ஏது என்று அங்கேயே நில்லுங்கள், வேறு வசனத்துக்குத் தாவ விடாதீர்கள். பிறகு, மற்றவர்கள் இரட்சிக்கப்படவில்லையா என்று நேராகக் கேளுங்கள். "ஆம், இரட்சிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் உபதேசியார் ஐயா சொன்ன தீத்துவின் கதையும் சேர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. அந்நியபாஷை ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்பது எங்கள் போதனை, மற்ற சபைகள் ஏற்பதில்லை. அது வேறுபாடு. பேசாதவன் இரட்சிக்கப்படவே இல்லை என்று ஒரு பெந்தெகொஸ்தேக்காரர் சொன்னால் அவர் எங்கள் விசுவாசப் பிரகடனத்தையே தாண்டிப் பேசுகிறார்.

மருந்து விஷயத்துக்கு நைசியாவை எடுத்தால் ஒரு வரியிலும் இடிக்காது. இடிக்காததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தெய்வ சுகத்தை நம்புவது எங்கள் சபையின் அடிப்படை. யாக்கோபு 5:14 எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது, மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எழுதிக் கொடுத்தார் (1 தீமோத்தேயு 5:23). சீனி வருத்தக்காரர் ஊசியை நிறுத்தினால், பிரஷர்காரர் மாத்திரையை நிறுத்தினால், அது வேதப்புரட்டா என்று விவாதிக்க நேரமில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய் கிளினிக் கொப்பியைப் பார்த்து, மருந்தைத் திரும்பத் தொடங்க டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு அந்தப் போதகரைச் சாட்சிகளோடு சந்தியுங்கள். சுகம் வராதவர்மேல் "உனக்கு விசுவாசம் போதாது" என்று பழி போடுவது நோயாளியை இரண்டு தரம் அடிப்பது. எனக்கு இதில் சமரசம் இல்லை.

கொட்டகலை வாலிபர் வகுப்பு:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு விஷயம் மிச்சம். திருவிழாப் பொங்கல்? அப்புறம், வகுப்பில் இரண்டு பேர் ஏற்கெனவே அந்தக் குழுவிடம் திரும்ப முழுகிவிட்டு வந்திருக்கிறார்கள். ஒருவன் மெதடிஸ்ட், ஒருத்தி கத்தோலிக்கம். இருவரும் இப்போது திரும்பி வர விரும்புகிறார்கள். இன்னொரு பையன் அந்தக் குழுவிலேயே முதன்முதலாக ஞானஸ்நானம் எடுத்தவன்.

பதுளை உபதேசியார்:

பொங்கலுக்கு 1 கொரிந்தியர் 8ஐயும் 10ஐயும் சேர்த்து வாசியுங்கள். கோயிலில் பூஜையின் பங்காக உட்கார்ந்து சாப்பிடுவதை 10:21 தடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு கொடுத்துவிடும் சாப்பாட்டை 10:27 அனுமதிக்கிறது. இது படைத்தது என்று யாராவது சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விடச் சொல்கிறது 10:28. கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வாளிப் பொங்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, அதனால்தான் நல்ல விசுவாசிகளே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாய் எண்ண வேண்டாம், சாப்பிடாதவன் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம். வாங்க மறுப்பதானாலும் வாசலில் வைத்து உபதேசம் பண்ணாமல் மரியாதையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

மெதடிஸ்ட் பையனுக்குத் திரும்ப ஞானஸ்நானம் கிடையாது, முதலாவது நிற்கிறது. போதகரிடம் பேசி, சபையில் விசுவாசத்தை அறிக்கையிட்டால் போதும்.

நானுஓயா மறையாசிரியை:

எங்கள் மகளுக்கும் முதல் திருமுழுக்கே நிலைக்கும். இரண்டாவது தண்ணீர் எதையும் சேர்க்கவில்லை, அழிக்கவும் இல்லை. பங்குத்தந்தையைச் சந்தித்து ஒப்புரவு அருட்சாதனம் பெறட்டும்.

அந்த மூன்றாவது பையன் கத்தோலிக்கனாக வர விரும்பினால் கேட்க வேண்டியது, தண்ணீர் பட்டபோது என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதுதான். பிதா, சுதன், தூய ஆவியின் பெயர் சொல்லப்படாவிட்டால் அதைத் திருமுழுக்காக ஏற்பதில்லை; புதிதாகக் கொடுப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று விசாரித்தும் உறுதியாகத் தெரியாவிட்டால் "நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றிராவிட்டால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். அன்று கூட நின்ற ஒருவரை அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போகச் சொல்லுங்கள்.