மரத்துல மாதிரிக் கப்பல் கட்டுறவங்க: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்க

முதுநகர்
உப்பனாற்றங்கரையில விசைப்படகு கட்டுற ஓடாவி ஒருத்தர்கிட்ட என் தோணியைக் கொண்டுபோய்க் காட்டினேன். 80 அடி தூத்துக்குடித் தோணி, 1:64 அளவுல 15 அங்குலம். ஏரா (அடிமரம்), வங்கு (விலா மரம்) முடிஞ்சு பலகை பாதி ஏறியிருந்துச்சு. பெரியவர் கட்டைவிரலை நடுவுல வச்சு அணியம் (முன்பக்கம்) வரைக்கும் மெதுவா இழுத்துக்கிட்டே வந்தார். ஏழாவது பலகைகிட்ட விரல் நின்னுடுச்சு. நகத்தால லேசா நெம்பினார். பலகை சட்டுனு எழும்பிடுச்சு. "இது திணறுதுப்பா"ன்னார். அப்புறம் உளியை எடுத்துக்கிட்டு அவர் வேலைக்குப் போயிட்டார்.

எட்டு மாசமாச்சு. தோணி பீரோ மேல துணி போர்த்திக் கிடக்கு. குறை சொன்னாரா, சொல்லிக்கொடுத்தாரான்னு இன்னும் பிடிபடல.

முத்தியால்பேட்டை
நான் கட்டினது சலங்குப் படகு. புதுச்சேரியில கப்பலெல்லாம் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்க, அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்ததே, அதேதான். பிரெஞ்சுக்காரங்களும் அந்தப் பேரையே வாங்கிக்கிட்டாங்க. ஆணி கிடையாது, வங்கும் கிடையாது. பலகையோட பலகையைக் கயிறால தைக்கணும். அப்பத்தான் அலை தூக்கித் தரையில அடிக்கும்போது உடையாம வளைஞ்சு கொடுக்கும்.

தேன்மெழுகு தடவின நூலால தைச்சு, வாசல்ல காய வச்சிருந்தேன். மீன் கொண்டு வர்ற ஆயா கூடையை இறக்கிட்டுக் குனிஞ்சு, தையல் மேல விரலை ஓட்டிப் பார்த்துச்சு. "எங்கப்பா காலை உதைச்சுக்கிட்டு இழுப்பாரும்மா, நீ கையால இழுத்திருக்கே, தளர்ந்துடும்"னு சொல்லிட்டு, அன்னிக்கு மீனே விக்காம அரைமணி நேரம் உட்கார்ந்திருச்சு. அப்பா பேரைக் கேக்காம விட்டுட்டேன். அடுத்த வாரத்திலேர்ந்து அவங்க மருமகதான் வருது.

அரியாங்குப்பம்
முதுநகர் தம்பி, பெரியவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இதுல வருத்தப்பட என்ன இருக்கு? எனக்கு ஒரு மரக்கடைக்காரர் தேக்குத் துண்டு சும்மாவே கொடுத்தார், அதான் என் கதை. (இவ்வளவு சின்ன அளவுக்குத் தேக்கு ரேகை பெருசாத் தெரியும், பலகைக்கு வேணாம்.)

உங்க பலகை ஏன் திணறுதுன்னு கேளுங்க. கப்பல் நடுவுல பருத்திருக்கும், அணியத்துல ஒடுங்கும். ஒரே அகலப் பலகையைக் கடைசி வரைக்கும் கொண்டுபோனா அதுக்கு இடம் ஏது? ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், இல்லேன்னா விளிம்பு தூக்கிக்கும். காகிதப் பட்டையை நடு வங்கு மேல ஒட்டினாப்புல வச்சு மேல்விளிம்புலேர்ந்து ஏரா வரைக்கும் அளங்க. 96 மி.மீ. வந்தா, 4 மி.மீ. பலகை 24. அப்புறம் அணியத்து வங்கை அளங்க. அங்க 60 வந்தா, அதையும் 24 ஆல வகுங்க, 2.5. அதுதான் நுனி அகலம். இப்படியே ஒவ்வொரு வங்கிலும் குறி போட்டு, அந்தக் குறிக்குப் பலகையைச் சீவுங்க. பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. போச்சுன்னா ரெண்டு பலகையை ஒண்ணாக்கணும்.

வளைக்கிறதுக்கு முன்னால வெந்நீர்ல 20 நிமிஷம் ஊறட்டும். துணி காயப்போடுற கிளிப் மாட்டி ஒரு ராத்திரி விடுங்க. ஈரத்தோட ஃபெவிகால் போட்டா மறுநாள் மரம் சுருங்கி இடைவெளி விழும். நம்ம கடல்காத்துல இன்னும் மெதுவாத்தான் காயும்.

மஞ்சக்குப்பம்
அரியாங்குப்பம் சார், கணக்கு சரி. ஆனா "வருத்தப்பட என்ன இருக்கு"ன்னு எழுதிட்டீங்களே, அங்கதான் எனக்குப் பொறுக்கல.

பக்கத்துத் தெருப் பையன், ஏழாவது படிக்கிறான், ஐஸ் குச்சியில கப்பல் கட்டிக்கிட்டு வந்தான். 1783 ஜூன் 20 அன்னிக்கு நம்ம கடலூருக்கு எதிர்க்கடல்ல பிரெஞ்சுக்காரன் சுஃப்ரேனும் இங்கிலீஷ்காரன் ஹியூஸும் மோதினாங்களே, அந்தச் சண்டைக் கப்பல். 74 பீரங்கிக் கப்பல்னான். நான் என்ன பண்ணேன்? ஒரு பக்கத்துப் பீரங்கி ஓட்டையை விரல் வச்சு எண்ணினேன். "37 இருக்கணும், 20தான் இருக்கு"ன்னேன். அவன் நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் என் விரலையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பாய்மரம் நேரா நின்னுச்சு, கொடியைக்கூடத் தைச்சிருந்தான். அதுல ஒண்ணையும் நான் சொல்லல. இப்ப சைக்கிள்ல போறப்ப தலையைத் திருப்பிக்கிறான். அவங்க வீட்டுக்குப் போகலாம்னு ரெண்டு தடவை கிளம்பி, தெருமுனையிலேயே திரும்பிட்டேன்.

முதுநகர், அந்த ஓடாவி விரலை வச்சு மறுபடி பார்க்கணும்னா பலகை வேணும்ல? தோணியை இறக்குங்க.

அரியாங்குப்பம்
சரி, அப்படி எழுதியிருக்கக் கூடாதுதான். மஞ்சக்குப்பம், 20 ஓட்டை ரெண்டு பக்கம்னா 40. 40 பீரங்கிக் கப்பலும் அந்தக் காலத்துல ஓடுச்சு. பையன்கிட்ட அதைச் சொல்லுங்க.

முதுநகர்
ராத்திரி இறக்கிட்டேன். ஏழு பலகையையும் பிரிச்சாச்சு. நடு வங்கு 92 மி.மீ., அணியம் 51. 23 பலகைன்னா நுனி 2.2 வருது. போதுமாண்ணே?