புதுப்பிப்பு: எதிரணி மைதானத்து ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது

கால்பந்து நாக் அவுட் சுற்றின் இரண்டாவது ஆட்டம் எதிரணி மைதானத்தில், வெளியூர் ரசிகர் பகுதியில் டிக்கெட் வாங்குவது எப்படி என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "எதிரணியின் தளத்தில் தேடாதீர்கள், உங்கள் கிளப்பிடமே கேளுங்கள்" என்ற யோசனைதான். யுஈஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு) நடத்தும் கிளப் போட்டிகளில் மைதானக் கொள்ளளவில் குறைந்தது 5 சதவீதத்தை வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்த டிக்கெட்டுகள் எங்கள் கிளப் வழியாகத்தான் வந்தன. உறுப்பினர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தேன், கிடைத்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: டிக்கெட்டில் என் பெயர் இருக்கிறது, நுழைவாயிலில் அடையாள அட்டையும் காட்ட வேண்டுமாம். வர முடியாமல் போனால் நண்பருக்குக் கைமாற்ற வழியில்லை.

அப்புறம் திரும்பும் ரயில். இங்கே நடந்த முதல் ஆட்டம் 1-1. பழைய விதிப்படி அங்கே 0-0 என்றால் நாங்கள் வெளியே. இரண்டு ஆட்டங்களின் மொத்த கோல்கள் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணியே முன்னேறும் என்ற அந்த வெளியூர் கோல் விதியை 2021-இல் நீக்கிவிட்டார்கள். இப்போது அதே 0-0 வந்தால் கூடுதலாக 30 நிமிடம், அதிலும் முடிவு வராவிட்டால் பெனால்டி. அதற்குப் பிறகும் வெளியூர் ரசிகர்களைக் கொஞ்ச நேரம் உள்ளேயே நிறுத்திவைப்பது வழக்கம். அதனால் இரவு ரயிலை விட்டுவிட்டு மறுநாள் காலை ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டேன். பெனால்டி வரை போனாலும் கடைசி உதைவரை நின்று கத்தலாம்.